மீட்டருக்குப் பின்னால் ஒரு கறுப்பு நாடா: பினாங்கின் பழைய கார் வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் பழைய கார் வியாபாரம் செய்யும் அண்ணன் தம்பிகளுக்கு வணக்கம்.

உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். ஆயர் ஈத்தாமில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கார் வயரிங் வேலை செய்கிறேன். நீங்கள் அனுப்பிய கார்களால் என் பட்டறை வாழ்ந்தது. உங்கள் பிள்ளைகளின் திருமணப் பந்திகளில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அதனால்தான் இதைப் புகாராக எந்த இலாகாவுக்கும் அனுப்பாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, தாதி உடையில் ஒரு பெண் என் பட்டறை வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்கினார். இறங்கியவரால் உடனே பேச முடியவில்லை. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். பாலிக் புலாவில் வீடு. ஜோர்ஜ்டவுனில் இரவுப் பணி. துன் சார்டோன் மலைச்சாலையில் ஒரு வளைவில் ஸ்டீயரிங் இறுகிவிட்டது. "கல்லைத் திருப்புவது போல இருந்தது, அண்ணே. இரண்டு கையாலும் இழுத்தேன். அதற்குள் கார் எதிர்ப்பக்கம் போய்விட்டது" என்றார். எதிரே வந்த லாரிக்காரர் பிரேக் போட்டதால் அவர் இன்று வேலைக்குப் போகிறார். ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து மறுபடி முடுக்கியதும் ஸ்டீயரிங் பஞ்சு போல் ஆகிவிட்டதாம். கார் வாங்கிப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, தண்ணீர்மலைக் கோயிலில் பூசை போட்ட சந்தனம் ஸ்டீயரிங்கின் நடுவில் காய்ந்து அப்படியே இருந்தது.

சாவியைத் திருப்பி, ஸ்டீயரிங்குக்கு முன்னால் வேகமும் எச்சரிக்கை விளக்குகளும் காட்டும் மீட்டரைப் பார்த்தேன். பேட்டரி விளக்கு, எண்ணெய் விளக்கு, கைப்பிரேக் விளக்கு, என்ஜின் விளக்கு எல்லாம் எரிந்தன. ஸ்டீயரிங் விளக்கு மட்டும் எரியவில்லை. சாவி திருப்பியதும் அது எரியவேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணையவேண்டும். மீட்டரைக் கழற்றி முகப்பைப் பிரித்தேன். அந்த விளக்கு இருக்கும் இடத்தின் பின்புறம், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு நாடா. கையால் கிழித்ததல்ல. கத்தரியால் நான்கு ஓரமும் நேராக வெட்டி, பக்கத்து விளக்கை மறைக்காதபடி பார்த்து ஒட்டியிருந்தார்கள். உட்கார்ந்து, வெளிச்சம் போட்டு, பொறுமையாகச் செய்த வேலை. பழுதைப் படிக்கும் கணினியை மாட்டிப் பார்த்ததும் ஸ்டீயரிங் சென்சாரில் பழுது என்று காட்டிவிட்டது.

ஒட்டியது யார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கார் பல கை மாறி வந்தது. விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தபோது, ஏலத்தில் எடுத்தபோதே அப்படித்தான் இருந்திருக்கும் என்றார். அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. பழுதுச் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டார், அதற்கு நன்றி. ஆனால் விற்பதற்கு முன் ஒரே ஒரு தடவை சாவியைத் திருப்பி இரண்டு விநாடி மீட்டரைப் பார்த்திருந்தால், அந்த விளக்கு எரியாதது அவர் கண்ணில் பட்டிருக்கும். இந்த மடல் அந்த இரண்டு விநாடிக்காகத்தான்.

எண்ணெயில் ஓடும் பழைய பவர் ஸ்டீயரிங் கெடுவதற்கு முன்பே சொல்லிவிடும். தரையில் எண்ணெய் சொட்டும், பம்பு முனகும். வாங்க வருபவர் குனிந்து பார்த்தால் போதும். தாதியின் காரில் இருப்பது போல, மோட்டார் கைக்கு உதவும் மின்சார ஸ்டீயரிங்கில் சொட்டுவதற்கு எதுவும் இல்லை. 1988இல் சுசூகி நிறுவனம் செர்வோ என்ற குட்டிக் காரில் இதை முதலில் கொண்டுவந்தது. சிறிய கார்களுக்கென்றே பிறந்த ஏற்பாடு என்று சொல்லலாம்: பம்பும் பெல்ட்டும் இல்லை, என்ஜினுக்குச் சுமை குறைவு, பெட்ரோலும் மிச்சம். ஸ்டீயரிங் தண்டின் நடுவில், முறுக்கினால் சற்றே முறுகிக்கொடுக்கும் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று இருக்கிறது. அது எவ்வளவு முறுகுகிறது என்பதை வைத்து, நம் கை எவ்வளவு பலம் போடுகிறது என்று ஒரு சென்சார் கணிக்கிறது. அந்தக் கணக்குப்படி கணினிப் பெட்டி மோட்டாருக்கு மின்சாரம் விடுகிறது. கார் நின்றபடி இருக்கும்போது முழுதாகத் திருப்பினால் அந்த மோட்டார் 40 ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து இழுப்பது ஏறத்தாழ 9 ஆம்பியர்தான்.

சென்சார் தரும் கணக்கில் சந்தேகம் வந்தால் கணினிப் பெட்டி மோட்டாரை நிறுத்திவிட்டு விளக்கைப் போடும். அது சரியான ஏற்பாடுதான். தவறான கணக்கை நம்பி மோட்டார் சக்கரத்தைத் திருப்பினால் அது இன்னும் ஆபத்து. மோட்டார் நின்றாலும் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அறுவதில்லை. பலம் போட்டால் கார் திரும்பும். நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போது நின்றால் பலருக்குத் தெரியக்கூடத் தெரியாது. மெதுவாகத் திரும்பும் இடத்தில்தான் ஸ்டீயரிங் கைக்கு அடங்காது. 2010இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இந்த மோட்டார்ப் பழுதுக்காக வட அமெரிக்காவில் ஏறத்தாழ 13 லட்சம் சிறிய கார்களைத் திரும்ப அழைத்தது. மணிக்கு 24 கிலோமீட்டருக்குக் கீழே போகும்போது திருப்புவது கடினமாகலாம் என்று அந்த நிறுவனமே சொன்னது. துன் சார்டோன் வளைவுகளில் லாரிக்குப் பின்னால் ஏறும்போது நம் கார்களின் வேகமும் அதுதான். பத்து பெரிங்கியிலிருந்து தெலோக் பஹாங் போகும் கடலோர வளைவுகளிலும் அப்படித்தான். வளைவு வரும் என்று தெரிந்த கை, ஸ்டீயரிங் இறுகும் என்று எதிர்பார்த்திருப்பதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

"வாங்குபவர் ஓட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறார்?" என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் கடையிலிருந்து புறப்பட்டு ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குப் பத்து நிமிடம் ஆகுமா? சூடு ஏறிய பிறகு வரும் பழுது பத்து நிமிடத்தில் வராது. நான் பார்த்த கார்களில் பாதிக்கு மேல், அரை மணி நேரம் ஓடி, நகர நெரிசலில் இப்படியும் அப்படியும் திருப்பிய பிறகுதான் கோளாறைக் காட்டின. என்ஜினை அணைத்து முடுக்கினால் மறுபடி நல்ல பிள்ளையாகிவிடும். கணினியை மாட்டிப் பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டால், அடுத்த தடவை தலைகாட்டும்வரை விளக்கும் எரியாது. உரிமை மாற்றத்துக்கு முந்தைய சோதனையில் என்ஜின் எண், சேஸிஸ் எண் பார்க்கிறார்கள், அடிப்பாகம் பார்க்கிறார்கள், பிரேக் பார்க்கிறார்கள். சில நிமிடங்களில் முடியும் சோதனை, சூடேறியபின் வரும் பழுதைப் பிடிக்க வழியில்லை. ஆகவே வாங்குபவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அந்த விளக்குதான். அதையும் மறைத்துவிட்டால் அவர் யாரைத்தான் நம்புவார்?

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. மறைக்கப்படும் பழுதுகளில் பல, மறைக்கத் தேவையே இல்லாதவை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் உங்களில் ஒருவர், ஸ்டீயரிங் தண்டையே முழுதாக மாற்றவேண்டும் என்று வேறொரு பட்டறை சொல்லிவிட்டதாக ஒரு காரைக் கொண்டுவந்தார். அவ்வளவு பணம் போட்டால் அந்தக் காரில் லாபமே இல்லை என்று நொந்துபோயிருந்தார். முதலில் பேட்டரியில் வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்தேன். என்ஜின் ஓடும்போது 14 வோல்ட் அளவில் இருந்தது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில் குறை இல்லை. பிறகு ஒருவரை உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு, ஸ்டீயரிங் பெட்டியின் எர்த் வயர் காரின் உடம்போடு சேரும் போல்ட்டைத் தொட்டேன். கை சுட்டது. கழற்றிப் பார்த்தால் வளையம் முழுக்கப் பச்சைப் பாசி படிந்தது போல் உப்புத் துரு. கடலோரத்தில் பல ஆண்டுகள் நின்ற கார். சுரண்டித் தேய்த்து, புது வளையம் போட்டு முடுக்கினேன். நான் வாங்கிய கூலி முப்பது வெள்ளி (ரிங்கிட்). அந்தக் கார் இன்றும் ஃபார்லிம் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.

பலவீனமான பேட்டரி, தளர்ந்த முனை, துரு ஏறிய கனெக்டர் ஆகிய மூன்றையும் பார்க்காமல் ஸ்டீயரிங் தண்டைக் குறை சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள். திருப்பும்போது 'டக் டக்' என்று தட்டும் சில கார்களில் தேய்ந்திருப்பது மோட்டாருக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் சின்ன ரப்பர்த் துண்டு மட்டுமே. உண்மையிலேயே சென்சார் போன கார் இவற்றைவிடக் குறைவு.

பழைய கார்களைப் பிரித்து உதிரிபாகம் விற்கும் போத்தோங் கடையிலிருந்து பழைய ஸ்டீயரிங் தண்டை வாங்கி மாட்டுவதையும் நான் தவறென்று சொல்லமாட்டேன். நானும் மாட்டுகிறேன். தாதியின் காருக்கும் அதைத்தான் போட்டேன். புதியது வாங்க அவரிடம் பணம் இல்லை. ஆனால் மாட்டிய பிறகு, ஸ்டீயரிங் நேராக இருக்கும் நடுநிலையைக் காரின் கணினிப் பெட்டிக்குக் கற்றுக்கொடுக்கவேண்டும். அந்த அளவீட்டைச் செய்யாமல் அனுப்பினால் ஒரு பக்கம் இலேசாகவும் மறுபக்கம் கனமாகவும் இருக்கும்; சில கார்கள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். சக்கர அலைன்மென்ட் சரியில்லை என்று நினைத்து, வாங்கியவர் டயர் கடைக்கும் பட்டறைக்கும் அலைவார்.

வெள்ளத்தில் நின்ற கார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் நம் மாநிலம் மூழ்கியதை யாரும் மறந்திருக்கமாட்டோம். அந்த வாரம் என் பட்டறை வாசலில் இழுவை லாரிகள் வரிசையில் நின்றன. பல சிறிய கார்களில் ஸ்டீயரிங் மோட்டாரும் கணினிப் பெட்டியும் டேஷ்போர்டுக்கு அடியில், காருக்குள்ளேயே இருக்கின்றன. இருக்கை மட்டத்துக்குத் தண்ணீர் வந்த கார் என்றால், கம்பளத்தை மாற்றி வாசனை அடித்தாலும் அந்தப் பெட்டிக்குள் போன ஈரம் போகாது. ஓராண்டு, ஈராண்டு கழித்துக்கூடத் துரு தன் வேலையைக் காட்டும். அப்படிப்பட்ட காரை விற்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. தண்ணீரில் நின்ற கார் என்று சொல்லி விற்கலாம் அல்லவா?

சட்டமும் உங்களுக்கு எதிரி இல்லை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்கிறது. 'உள்ளது உள்ளபடி' என்று ஒப்பந்தத்தில் அச்சடித்துக் கையெழுத்து வாங்கினாலும் அந்த உத்தரவாதத்தை விலக்க முடியாது. வாங்கியவர் ஐந்து வெள்ளி கட்டி, வழக்கறிஞர் இல்லாமல், பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 2019 முதல் அங்கே 50,000 வெள்ளி வரை கோரலாம். நீங்கள் விற்கும் சிறிய கார்களில் பலவற்றின் முழு விலையே அதற்குள் அடங்கிவிடும். இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது: வாங்குபவர் சம்மதிப்பதற்கு முன்பே ஒரு குறையைக் குறிப்பாக எடுத்துச் சொல்லிவிட்டால், பிறகு அந்தக் குறையை வைத்துப் பொருள் தரமில்லை என்று வாதாட முடியாது. உங்களைக் காப்பது அச்சடித்த ஒப்பந்தம் இல்லை, வாங்குபவரிடம் சொல்லிவிட்ட உண்மைதான்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. காரை வாங்கிக் கடையில் நிறுத்துவதற்கு முன் சாவியைத் திருப்பி, ஸ்டீயரிங் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். ஒரு தடவையாவது அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். விற்பனைத் தாளில், மைலேஜ் எழுதும் வரிக்குக் கீழே, கையால் ஒரு வரி எழுதுங்கள்: ஸ்டீயரிங் விளக்கு வேலை செய்கிறது, ஸ்டீயரிங்கில் இன்ன வேலை செய்யப்பட்டிருக்கிறது, அல்லது எந்த வேலையும் செய்யப்படவில்லை. வாங்குபவர் அதைப் படித்து அதன் கீழே கையெழுத்துப் போடட்டும். தமிழிலோ மலாயிலோ எழுதலாம்.

இப்படி எழுதினால் விலை குறையும் என்று சிலர் சொல்வீர்கள். குறையும். ஐந்நூறு வெள்ளி குறையலாம், ஆயிரமும் குறையலாம். வாடகை, வட்டி, ஏலத்தில் ஏறும் விலை எல்லாம் சேர்ந்து உங்கள் கையில் என்ன மிஞ்சுகிறது என்பது எனக்கும் தெரியும். அந்த ஆயிரத்தை யாரோ ஒருவர் கொடுத்துத்தான் ஆகவேண்டும். தெரிந்த நீங்கள் பேரம் பேசி வாங்கும்போதே குறைத்துக்கொள்ளலாம். தெரியாமல் வாங்கும் ஒரு தாதியோ, ஒரு தோட்டத்துப் பிள்ளையோ மலைச்சாலையில் அதைக் கொடுக்கவேண்டாம்.

வியாழக்கிழமைகளில் மாலை நான்கு மணிக்கு மேல் என் பட்டறையில் வேலை குறைவு. விற்பதற்கு முன் காரைக் கொண்டுவாருங்கள். ஸ்டீயரிங் விளக்கு, பேட்டரி, எர்த் வயர், கணினியில் இருக்கும் குறியீடு ஆகிய நான்கையும் பார்த்து, கண்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். பார்ப்பதற்குக் காசு வேண்டாம். அந்த நாடாத் துண்டை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். வரும்போது பாருங்கள்.

இப்படிக்கு,
ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு கார் வயரிங் தொழிலாளி