'வளரவில்லை' என்றால் 'தொற்று இல்லை' என்று பொருளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுநீர் மாதிரிகளைக் கொண்டு தொற்றை ஆராய்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அந்தக் கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நீர்க்கடுப்போடு வரும் பெண்ணிடம், "கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை, உங்களுக்குத் தொற்று இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவது இன்றும் நடக்கிறது. கல்ச்சர் என்பது மாதிரியைத் தட்டில் தடவி, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை. வளரவில்லை என்பது உண்மை. தொற்று இல்லை என்று அந்த ரிப்போர்ட் சொல்லவே இல்லை.

ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சம் பாக்டீரியா இருந்தால்தான் தொற்று என்ற கணக்கு 1950-களில் வந்தது. எட்வர்டு காஸ் என்ற அமெரிக்க மருத்துவர், சிறுநீரகம் வரை ஏறிவிட்ட தொற்றையும் அறிகுறியே இல்லாத பெண்களையும் ஆராய்ந்து வகுத்தது அது. வெறும் நீர்க்கடுப்புக்கு அதே அளவுகோல் பொருந்தாது, மில்லிலிட்டருக்கு நூறு ஈ.கோலை (குடலில் வாழும் ஒரு பாக்டீரியா) இருந்தாலே கணக்கில் எடுக்க வேண்டும் என்று 1982-இலேயே ஆய்வு வெளிவந்துவிட்டது. ஆனால் வழக்கமான கல்ச்சரில் நாங்கள் தட்டில் தடவுவது ஒரு மைக்ரோலிட்டர்தான். அதில் ஒரே ஒரு காலனி (பாக்டீரியா பெருகித் தெரியும் புள்ளி) வளர்ந்தால் மில்லிலிட்டருக்கு ஆயிரம் என்று ஆகிறது. நூறை அந்த முறையில் எப்படிப் பார்ப்பது?

2014-இல் சிகாகோ லயோலா பல்கலைக்கழகக் குழு நூறு மடங்கு அதிகச் சிறுநீரை எடுத்து, கிருமி வளர்க்கும் பலவகை ஊட்டப் பொருள்களில், இரண்டு நாள் வரை வளர்த்துப் பார்த்தது. குழாய் வழியாக நேரே சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்த 65 மாதிரிகளில் 52-இல் பாக்டீரியா வளர்ந்தது. அந்த 52-இல் 48, வழக்கமான கல்ச்சரில் 'நோ குரோத்' என்று வந்தவை! சிறுநீர்ப்பையில் கிருமியே இருக்காது என்று படித்து வந்த எங்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அந்த 65 மாதிரிகளைக் கொடுத்த பெண்கள் சிறுநீர்த் தொற்றுக்காக வந்தவர்கள் அல்லர். பாக்டீரியா இருப்பதே நோய் ஆகிவிடாது. எந்தத் தொந்தரவும் இல்லாத முதியவர்களுக்கு ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் கொடுப்பது, 'வளரவில்லை' என்று நோயாளியைத் திருப்பி அனுப்புவதற்குச் சற்றும் குறையாத தவறு. கர்ப்பிணிகளின் நிலை வேறு. அவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் மருந்து தேவைப்படும்.

அதனால்தான் மாதிரியோடு நோயாளி சொல்வதையும் சேர்த்துப் பதிவு செய்யும் ஆய்வுகள் வேண்டும் என்கிறேன். திரும்பத் திரும்பத் தொற்று வரும் பெண்களிடம், வலி இருக்கும்போதும் அடங்கிய பிறகும் மாதிரி வாங்க வேண்டும். தொற்று உள்ள பெண்கள் சிலரின் சிறுநீரில் உதிர்ந்து வந்த செல்களுக்குள் பாக்டீரியா கூட்டமாகப் பதுங்கியிருந்ததை 2007-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்கள் கண்டார்கள். மருந்து முடிந்த பிறகும் தொற்று ஏன் திரும்புகிறது என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். தட்டில் எண்ணிக்கை பார்ப்பதோடு நின்றிருந்தால் இது தெரியவந்திருக்காது.

ஆய்வுக்கு மாதிரி கேட்டால் கூச்சப்படாமல் கொடுங்கள் என்று வாசகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இதை எழுதும்போது மாதிரி எடுக்கும் முறையையும் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்: ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும், முதலில் வருவதை விட்டுவிட்டு இடையில் வருவதைப் பிடிக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி