காட்டுத்தீக்குக் கார்த்திகையிலேயே ஆள் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை பிறந்தால் மேற்குத் தொடர்ச்சி மலையில் தீப்பிடித்த செய்தி வரும். கூடவே, "தீயை அணைக்க வனத்துறையினர் போராடி வருகின்றனர்" என்ற வரியும் வரும். போராடுகிறவர்கள் எத்தனை பேர், எந்த மாதம் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள், அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கவே இதை எழுதுகிறேன்.

தகவலுக்கு நமக்குப் பஞ்சமில்லை. டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோளைக் கொண்டு தீ எரியும் இடத்தைக் கண்டுபிடித்து, களப் பணியாளர்களின் செல்போனுக்கே குறுஞ்செய்தி அனுப்பிவிடுகிறது. நாட்டின் காட்டுப் பரப்பில் 36 சதவீதத்துக்கும் மேல் அடிக்கடி தீப்பிடிக்கக் கூடியது என்று கணக்கிட்டுச் சொன்னதும் அந்த நிறுவனம்தான். சரி, செய்தி வந்துவிட்டது. அப்புறம்? செயற்கைக்கோள் காட்டும் ஒரு புள்ளி தரையில் ஏறக்குறைய 375 மீட்டர் சதுரம். மலையில் அந்தச் சதுரத்துக்குள் ஒரு ஓடையும் இரண்டு சரிவும் அடங்கிவிடும். யாராவது நடந்து ஏறிப் போய்ப் பார்த்தாக வேண்டும். சரிவு 10 டிகிரி கூடினால் தீ மேலேறும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்புப் பயிற்சியில் சொல்லித் தரும் கணக்கு. 30 டிகிரி சரிவென்றால் சமவெளியைப் போல எட்டு மடங்கு. கீழிருந்து ஆள் ஏறிப் போய் அந்தத் தீயைப் பிடிக்க முடியாது. முன்கூட்டியே மேலே ஆள் இருக்க வேண்டும்; தீ வந்து நிற்கும்படி ஒரு கோடும் இருக்க வேண்டும்.

அந்தக் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தீத்தடுப்புக் கோடு என்பது, தீ தாண்ட முடியாதபடி புல்லையும் சருகையும் அகற்றிய நீண்ட வெறும் தரை. அதை ஒருமுறை வெட்டிவிட்டால் தீர்ந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். மழை ஓய்ந்ததும் கார்த்திகைக் கடைசியிலோ மார்கழியிலோ ஆள் உயரப் புல்லை அறுத்துச் சாய்க்க வேண்டும். அது காய்ந்த பிறகு, தை மாதத்துக் காலையில் பனி ஈரம் இருக்கும்போதே அளவாகத் தீ வைத்து, இரண்டு பக்கமும் ஆள் நின்று, பச்சைத் தழையால் அடித்து அடித்து அதைக் கட்டுக்குள் வைத்து, மண் தெரியும்வரை எரிக்க வேண்டும். அதோடு முடிந்ததா? மாசியில் மரங்கள் இலை கொட்டும். ஒரு வாரம் காற்றடித்தால் கோடு இருந்த இடமே தெரியாது. மழை வரும்வரை யாராவது சருகைக் கூட்டிக்கொண்டே இருந்தால்தான் அது தீயைத் தடுக்கும். பங்குனி வெயிலில் தீ பற்றிய பிறகு அவசரமாகச் சேர்க்கப்படும் ஆட்களால் இதையெல்லாம் செய்ய முடியாது. அவர்களால் ஓடத்தான் முடியும்.

தீ அணைந்த பிறகும் ஆள் வேண்டும். பட்டுப்போன கட்டைக்குள்ளும் வேருக்கடியிலும் கங்கு நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மத்தியானக் காற்று எழும்பினால் மறுபடி பற்றும். காவலுக்கு நாலு பேர் உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் அந்த நாலு பேரும் அதற்குள் அடுத்த மலைக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள். 2024 மார்ச்சில் குன்னூர் பக்கம் பற்றிய தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் தண்ணீர் ஊற்றியது. நல்ல உதவிதான், குறை சொல்லவில்லை. ஆனால் மேலிருந்து ஊற்றிய பிறகு மிச்சமிருக்கும் கங்கைத் தேடி அணைப்பது தரையில் நிற்கிற ஆள்தான்.

இங்கேதான் நிர்வாகத்தின் திட்டமிடலைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. நம் தீக்காலம் பிப்ரவரியில் தொடங்கி ஜூன் வரை நீளுகிறது. அரசின் கணக்கோ மார்ச் 31-ல் முடிந்து ஏப்ரல் 1-ல் புதிதாகத் தொடங்குகிறது. தீ உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ஒரு நிதியாண்டு மூடி இன்னொன்று திறக்கிறது. மத்திய அரசின் காட்டுத்தீத் தடுப்பு மேலாண்மைத் திட்டத்தில் நம்மைப் போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு. எந்தப் பங்கு தாமதமானாலும் கடைசியில் காத்திருப்பது தினக்கூலிக்குத் தீக்காவல் பார்க்கும் மலைக்கிராமத்து மனிதர்தான். அவருக்கு ஏப்ரல் மாதக் கூலி ஏப்ரலிலேயே கிடைக்க, தீக்காவலர் கூலிக்கு மட்டுமாவது நிதியாண்டைத் தாண்டிச் செல்லும் தனி ஒதுக்கீடு வைக்க முடியாதா? இதைச் செய்யப் பெரிய சட்டமெல்லாம் வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

தேர்தலும் அப்படித்தான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரல், மே மாதங்களில் தேர்தல் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே மாதங்களில் காடு எரியும் என்பதும் தெரியும். இருந்தும் 2024 மே மாதம், காடு எரிந்துகொண்டிருக்கும்போது வன ஊழியர்களைத் தேர்தல் பணிக்கு ஏன் அனுப்பினீர்கள் என்று உத்தராகண்ட் அரசை உச்ச நீதிமன்றம் கேட்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே, ஜூன் 13 அன்று, அதே மாநிலத்தின் பின்சர் சரணாலயத்தில் தீயை அணைக்கப் போனவர்களில் நால்வர் இறந்தார்கள். அதில் தினக்கூலித் தீக்காவலரும் இருந்தார். அதற்கு முன், 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் கொட்டம்பத்தூரில் மூன்று வனக்காவலர்கள் தீ சூழ்ந்து இறந்தார்கள். தீயின் குணத்தை நன்றாகத் தெரிந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், ஒரு நாள் பயிற்சிகூட இல்லாமல் அரிவாளும் தண்ணீர் பாட்டிலும் ரப்பர் செருப்புமாக ஏறுகிறவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். தீத்தாங்கும் உடை, பூட்ஸ், வாக்கி டாக்கி, காப்பீடு இவையெல்லாம் தற்காலிகப் பணியாளருக்கும் உண்டு என்று அரசு ஆணையிட வேண்டும். தீ நிரந்தரம், தற்காலிகம் என்று பார்த்துச் சுடுவதில்லை.

எங்கள் தேனி மாவட்டத்து மலைக்கிராமமான குரங்கணியை நாங்கள் மறக்க முடியாது. 2018 மார்ச் 11-ல் அங்கே மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அன்று கமாண்டோக்களும் ஹெலிகாப்டரும் வருவதற்கு முன்னால் மலைக்கு ஓடியவர்கள் அக்கம்பக்கத்துக் கிராமத்து ஆட்கள். காயம்பட்டவர்களைத் தூளி கட்டித் தூக்கி இறக்கியதும் அவர்கள்தான். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன, வேண்டியதுதான். அந்த இருட்டில் வழி தெரிந்து போன ஆட்களை ஆண்டு முழுக்கச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று யோசித்தார்களா?

பழங்குடி மக்களிடம் கேட்க இன்னும் நிறைய இருக்கிறது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளிகர் பழங்குடியினர் ஒரு காலத்தில் கோடை முற்றுவதற்கு முன்பே சருகுக்குச் சிறிதாகத் தீயிட்டு வந்தார்கள். அது தடுக்கப்பட்ட பிறகுதான் உண்ணிச்செடிப் புதர் காட்டை மூடியது, தீயும் பெரிதானது என்பது அவர்கள் சொல்வது. எல்லா மலைக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஈரம் மாறாத சோலைக்காட்டுக்குள் தீயே ஆகாது. ஆனால் எந்தச் சரிவை எப்போது எரிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் வனச்சரகருக்குப் பக்கத்தில் அவர்களுக்கும் நாற்காலி போட வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் அதிகாரத்தை கிராம சபைக்குத் தந்திருக்கிறது.

தீயை அணைப்பதைவிடத் தடுப்புக்கே முதலில் செலவிட வேண்டும் என்பதைத்தான் வசதியான நாடுகளின் அனுபவமும் காட்டுகிறது. அமெரிக்க வனத்துறை 1995-ல் தன் பட்ஜெட்டில் 16 சதவீதத்தைத் தீக்குச் செலவிட்டது. 2015-ல் அது பாதியைத் தாண்டிவிட்டது. அணைக்க அணைக்கத் தடுப்புப் பணிக்கான பணம் கரைந்தது. நாமும் அந்தப் பாதையில் போக வேண்டுமா?

தங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். தீ பற்றிய பிறகு படம் போடுவது போல, ஒவ்வொரு தை மாதமும் ஒரு பட்டியல் போடுங்கள். எந்தச் சரகத்தில் எத்தனை வனக்காப்பாளர், வனக்காவலர் பணியிடம் காலி, தீக்காவலர் எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள், எத்தனை கிலோமீட்டர் கோடு வெட்டப்பட்டது, கூலி எந்தத் தேதிவரை கொடுக்கப்பட்டிருக்கிறது என்று மாவட்டவாரியாகப் போடுங்கள். துறை தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எங்கள் மாவட்டத்துக்கான மனுவை நானே போட்டு, வரும் பதிலைத் தங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தேனி மாவட்டம்.