விடைகளுக்குள் ஒளிந்த செய்தி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் குறுக்கெழுத்துப் புதிர், சொல்லுக்குப் பொருள் தெரிந்தாலே நிரப்பிவிடக்கூடிய அளவில் நின்றுவிடுகிறது. சிலேடையும் எழுத்துமாற்றமும் கலந்த பூடகக் குறிப்புகளோடு, விடைகள் அனைத்தையும் ஒரு மறைபொருள் இணைக்கும் புதிரை மாதம் ஒருமுறையாவது வெளியிட வேண்டுகிறேன்.

அதன் வலிமைக்கு, பிரிட்டனின் ‘கார்டியன்’ நாளிதழில் 2013 ஜனவரியில் வந்த புதிரே சான்று. 1958 முதல் அதற்குப் புதிர் அமைத்து, பின்னாளில் ‘அரௌகாரியா’ என்ற புனைபெயரைக் கொண்ட பாதிரியார் ஜான் கிரஹாம், அரௌகாரியாவுக்கு 19-இல் 18 இருப்பதாகவும், அதற்கு 13, 15 அளிக்கப்படுவதாகவும் புதிரின் முன்குறிப்பில் எழுதியிருந்தார். அந்த எண்களுக்குரிய விடைகளைக் கண்டுபிடித்துப் பொருத்தியவர்கள், 91 வயதான அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்பதையும், வலிதணிப்புச் சிகிச்சை நடப்பதையும் அறிந்து திகைத்தனர். செவிலியர், எண்டோஸ்கோபி ஆகியவையும் கட்டங்களுக்குள் இருந்தன. கழிவிரக்கம் துளியும் இல்லை. தன் புதிர்க்கலையாலேயே விடைபெறத் தொடங்கினார் என்று சொல்லலாம். அவ்வாண்டு நவம்பரில் அவர் காலமானார்.

எல்லாப் புதிரும் இத்தனை கனமாக இருக்க வேண்டியதில்லை. ஆறுகளோ ராகங்களோ ஒளிந்திருந்தாலும் போதும். ஆனால் கருப்பொருளை முன்கூட்டியே தலைப்பில் அறிவித்துவிடாமல், மறுவாரம் விடைகளோடு ஒவ்வொரு குறிப்பும் எவ்வாறு அவிழ்கிறது என்ற விளக்கத்தையும் அச்சிட வேண்டும். வெறும் விடைப்பட்டியலால் புதியவர்களுக்குப் பயனில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை