சீனக்குடா நினைவுகளில் பெண்கள் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையில் ஜப்பானியர் நடத்திய குண்டுவீச்சைப் பற்றி வெளியான முழுப்பக்கக் கட்டுரையை வாசித்தேன். சீனக்குடா விமானத்தளம், அங்கிருந்து எழும்பிய ஹரிக்கேன் விமானங்கள், நாள்கணக்கில் பற்றி எரிந்த எண்ணெய்க் குதம், மட்டக்களப்புக் கடலில் 307 பேரைக் காவுகொண்டு மூழ்கிய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் என்று கட்டுரையாளர் ஒன்றையும் விடவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் காணாத செய்திகள். அதற்கு நன்றி.

ஆனால் கட்டுரையின் பின்பாதி, உலகப்போரில் உயிர்நீத்த விமானப்படையினர் எல்லோருக்குமான அஞ்சலியாக விரிகிறது. அந்தப் பாதியில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. 1942 ஏப்ரலில் சீனக்குடாவில் விமானப்படைப் பெண்கள் இருக்கவில்லை என்று அவர் சொன்னால் ஏற்றுக்கொள்வேன். அவர்கள் இலங்கைக்கு வந்தது போரின் கடைசிக் கட்டத்தில்தான். இலண்டனையும் பேர்ளினையும் பற்றி எழுதும்போதும் அவர்களை மறப்பதற்கு அந்தக் காரணம் போதாது.

பிரித்தானிய விமானப்படையின் பெண்கள் துணைப்படை 1939 ஜூன் 28இல் தொடங்கப்பட்டது. 1943 அளவில் அதில் 180,000க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். விமானம் ஓட்ட அவர்களுக்கு அனுமதி இல்லை. ராடார் திரையைப் பார்த்தார்கள், பாரசூட் மடித்தார்கள், பெரிய மேசையில் விரித்த வரைபடத்தின் மேல் நீண்ட கோல்களால் எதிரி விமான அடையாளங்களைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். சம்பளம் ஆணுக்குக் கொடுப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. குண்டு மட்டும் பங்கு பார்த்து விழவில்லை. 1940இல் இலண்டனுக்கு அருகிலுள்ள பிக்கின் ஹில் விமானத்தளத்தை ஜெர்மனியர் திரும்பத் திரும்பத் தாக்கியபோது பெண்களின் தங்குமிடமும் நொறுங்கியது. அவற்றுள் மிக மோசமான தாக்குதலில் மட்டும் தரையில் இருந்த 39 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டுத் தாக்குதல்களின்போது அங்கு பணியிலிருந்த மூன்று பெண்களுக்கு வீரப்பதக்கம் வழங்கப்பட்டது.

இந்தப் படையின் சீருடை அணிந்து போனவர்தான் நூர் இனாயத் கான். திப்பு சுல்தான் வழிவந்த வீணைக் கலைஞரின் மகள். மொஸ்கோவில் பிறந்து பாரிசில் வளர்ந்தவர். போருக்கு முன்னர் புத்தரின் ஜாதகக் கதைகளைப் பிள்ளைகளுக்காக எழுதி 1939இல் இலண்டனில் வெளியிட்டவர். இலங்கை வாசகர்களுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும். 1940இல் விமானப்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்து கம்பியில்லாத் தந்தி பழகினார். 1943 ஜூனில் ஓர் இரவு லைசண்டர் என்ற சிறு விமானத்தில், ஜெர்மனியர் பிடித்துவைத்திருந்த பிரான்ஸ் மண்ணில் இரகசிய வானொலியாளராக இறக்கிவிடப்பட்டார். சில நாட்களிலேயே அவருடைய குழுவினர் ஒவ்வொருவராகப் பிடிபட, இலண்டன் அவரைத் திரும்பி வரச் சொன்னது. மறுத்துவிட்டார். பாரிசில் மிஞ்சியிருந்த வானொலித் தொடர்பே அவருடையதுதான் என்ற நிலையில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக இடம் மாறிச் செய்தி அனுப்பினார். காட்டிக்கொடுத்துப் பிடித்தார்கள். மாதக்கணக்கில் விலங்கிட்டுத் தனிச்சிறையில் வைத்தார்கள். 1944 செப்டெம்பர் 13ஆம் திகதி ஜெர்மனியின் டாக்காவ் வதைமுகாமில் வேறு மூன்று பெண்களோடு அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது முப்பது. அந்த மூவரில் யோலண்ட் பீக்மனும் அதே விமானப்படைப் பெண்தான். புதைத்த இடம் என்று எதுவுமில்லை. தேம்ஸ் ஆற்றுக்கு மேலே ரன்னிமீட் குன்றின் நினைவுச் சுவரில், கல்லறை இல்லாத 20,000க்கும் மேற்பட்ட விமானப்படையினரின் பெயர்களுக்கு நடுவே நூரின் பெயரும் இருக்கிறது.

அதே சுவரில் ஏமி ஜோன்சனின் பெயரும் உண்டு. 1930இல் இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியா வரை தனியே பறந்தவர். போர்க்காலத்தில் விமானங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசேர்க்கும் பணியில் இருந்தபோது, 1941 ஜனவரி 5ஆம் திகதி தேம்ஸ் முகத்துவாரத்தில் விழுந்தார். உடல் கிடைக்கவில்லை. காப்பாற்றக் குதித்த கடற்படை அதிகாரியும் இறந்துபோனார்.

உடல் கிடைக்காததும் சில இடங்களில் குற்றமாகிவிட்டது. சோவியத் போர்விமானி லிடியா லித்வியாக் 21 வயதில், 1943 ஓகஸ்ட் 1ஆம் திகதி பறந்து போய்த் திரும்பவில்லை. எதிரியிடம் பிடிபட்டிருப்பாளோ என்ற சந்தேகத்திலேயே நாட்டின் உயர்ந்த விருதைத் தள்ளிப் போட்டார்கள். 1990இல்தான் கொடுத்தார்கள். அமெரிக்காவில் இன்னொரு விதம். இராணுவ விமானங்களை ஓட்டிய பெண்கள் 38 பேர் இறந்தார்கள். அவர்கள் சிவிலியன்களாகவே கணக்கில் இருந்ததால் பெட்டியின் மேல் போர்த்தக் கொடி இல்லை, உடலை ஊருக்கு அனுப்பக் காசும் இல்லை. தோழிகள் தங்களுக்குள் சேர்த்துக் கொடுத்து அனுப்பினார்கள். இறந்தவர்களில் ஒருவர் ஹேசல் யிங் லீ, சீன வம்சாவளிப் பெண். தாங்கள் தெரிவு செய்த மயானத்தில் அவரைப் புதைக்க அவருடைய குடும்பம் போராட வேண்டியிருந்தது. அந்தப் பகுதி வெள்ளையருக்கு மட்டுமாம்! நாட்டுக்காக வானத்தில் பறக்கலாம், மண்ணில் ஆறடி கிடையாது. அந்தப் பெண்களைப் படைவீரர்களாக அமெரிக்கா ஏற்றுக்கொண்டது 1977இல்.

இதெல்லாம் தூரத்துக் கதை என்று வாசகர்கள் நினைக்கலாம். எங்கள் தீவுக்கு வந்துகொண்டிருந்த பெண்களின் கதை ஒன்று இருக்கிறது. இவர்கள் விமானப்படையினர் அல்ல; இராணுவத் தாதியரும், 'ரென்' என்று அழைக்கப்பட்ட கடற்படைப் பெண்களும். 1944 பெப்ரவரியில் மொம்பாசாவிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டது கெடிவ் இஸ்மாயில் என்ற துருப்புக்கப்பல். 12ஆம் திகதி, சனிக்கிழமை பிற்பகல், மாலைதீவுக்கு அருகே கப்பலுக்குள் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது ஜப்பானிய நீர்மூழ்கியின் டோர்பிடோக்கள் பாய்ந்தன. கப்பல் மூழ்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. தப்பியவர்கள் மிதந்துகொண்டிருந்த இடத்துக்கு அடியிலேயே நீர்மூழ்கி பதுங்க, அதை அழிக்கவென்று காவற்கப்பல் அவர்கள் நடுவே ஆழ்கடல் குண்டுகளைப் போட்டது. மொத்தம் 1,297 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் கிழக்காபிரிக்க வீரர்கள். பெண்கள் 77 பேர். கரை சேர்ந்த பெண்கள் ஆறே ஆறு பேர். பொதுநலவாய நாடுகளின் படைப்பெண்கள் ஒரே நேரத்தில் இத்தனை பேர் மாண்டது வேறெங்கும் இல்லை. கொழும்பிலும் திருகோணமலையிலும் அவர்களுக்காகக் கட்டில்களும் கடமைகளும் காத்திருந்த காலம் அது.

நிலாவெளி வீதியில் உப்புவெளி தாண்டும்போது வலப்பக்கமோ இடப்பக்கமோ என்று கூடத் தெரியாமல் எத்தனையோ பேர் கடந்துபோகும் யுத்த மயானத்துக்கு, படிப்பிக்கிற காலத்தில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போவேன். முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லறைகள். பெயர், படைப்பிரிவு, இறந்த திகதி, பல கற்களில் வயது. அதிகாரிக்கும் கடைநிலைச் சிப்பாய்க்கும் கல் ஒரே அளவு. பிள்ளைகள் முதலில் வயதைத்தான் வாசிப்பார்கள். "எங்கட அண்ணாவின்ர வயசு ரீச்சர்" என்பார்கள். ஒருமுறை பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வரிசை வரிசையாக நடந்து பார்த்துவிட்டு வந்து, "ரீச்சர், பொம்பிளையள் ஒருத்தரும் சாகேல்லையோ?" என்று கேட்டாள். நூரைப் பற்றி அன்று மர நிழலில் வைத்து அவர்களுக்குச் சொன்னேன். பேருந்து வந்து ஹோர்ன் அடித்த பிறகும் ஒருவரும் எழும்பவில்லை.

வெள்ளைக்காரனின் போரில் செத்த வெள்ளைக்காரிகளுக்கு நாங்கள் ஏன் அழவேண்டும் என்று என் வீட்டிலேயே கேட்டவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்று துறைமுகத்தில் மூட்டை சுமந்து நின்ற எங்கள் ஆட்களுக்கு ஒரு கல்லை நான் இந்த ஊரில் கண்டதில்லை. அவர்களுக்கும் ஒரு கல் வையுங்கள் என்றுதான் கேட்கவேண்டுமே தவிர, மற்றவரின் பெயரையும் எழுதாதே என்று கேட்பது சரியல்ல. தங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கு விளக்கேற்றவே யோசித்து யோசித்து நிற்கும் தாய்மார் வாழும் மாவட்டம் இது. பெயர் எழுதப்படாமல் போவது என்றால் என்ன என்று எங்களுக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆகவே ஆசிரியரிடம் இரண்டு வேண்டுகோள். கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவதாக அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த பகுதியில் பெண்கள் துணைப்படைக்கு அரைப்பக்கமாவது ஒதுக்கச் சொல்லுங்கள். அடுத்தது, வருகிற பெப்ரவரி 12ஆம் திகதி இதழில் கெடிவ் இஸ்மாயில் பற்றி ஒரு குறிப்பு. கிழக்காபிரிக்க வீரர்களையும் விடாமல் எழுதவேண்டும். இடம் போதாது என்றால் ராசிபலனை ஒரு நாளைக்குச் சுருக்கலாம். வாசகர்கள் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். மாணவர்களுக்கு ஏற்ற மாதிரிக் குறிப்பு வேண்டுமானால் எழுதித்தர நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.