பூனை சாப்பிடாத நாளில் இன்சுலினை நிறுத்தலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோய் வந்த பூனைக்கு வீட்டிலேயே ஊசி போடுகிறவர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் இருக்கிறார்கள். "சாப்பிடலையா, அப்ப ஊசி வேண்டாம்" என்ற விதி அவர்களிடையே வாய்வழியாகப் பரவியிருக்கிறது. சர்க்கரை சட்டென்று இறங்கிவிடுமோ என்ற பயத்தில் பிறந்த விதி அது. பயம் நியாயமானதுதான். ஆனால் விதி பாதிதான் சரி. மீதிப் பாதி பூனையின் உயிருக்கே உலை வைக்கும்.

இன்சுலின் போதாதபோது இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தாலும் உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் உடம்பு தன் கொழுப்பைக் கரைக்கிறது. கல்லீரல் அதைக் கீட்டோன் ஆக்குகிறது. கீட்டோன் சேரச் சேர இரத்தம் அமிலமாகும், பூனைக்குக் குமட்டும், தீனியைத் தொடாது. பட்டினியால் கொழுப்பு இன்னும் வேகமாகக் கரையும். இந்தச் சுழலுக்கு நடுவில் ஊசியையும் நிறுத்தினால் கீட்டோனைத் தடுக்கிற ஒரே கையையும் கட்டிப்போட்டதாகிவிடும். பெரும்பாலும் இதற்குப் பின்னால் சிறுநீர்த் தொற்று, பல் ஈறில் சீழ், கணைய அழற்சி என்று வேறொரு நோயும் ஒளிந்திருக்கும். கீட்டோனை மட்டும் இறக்கி அதைத் தேடாமல் விட்டால் திரும்ப வரும்.

ஆகவே பூனை ஒரு வேளை தீனியைத் தள்ளினால் முதலில் இரண்டு எண்களைப் பாருங்கள்: சர்க்கரை, கீட்டோன். சர்க்கரைக்கு மனிதர்களுக்கான குளுக்கோமீட்டரே போதும். காதை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, ஓரத்து நரம்பையொட்டிக் குத்தினால் ஒரு துளி வரும். இந்தக் கருவிகள் பூனை இரத்தத்தில் உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும் என்பது நினைவிருக்கட்டும்.

கீட்டோனுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும், சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் பரிசோதனைப் பட்டை. மண் தட்டில் பூனை உட்காரும்போது பின்னாலிருந்து ஒரு குழிக்கரண்டியை நீட்டினால் வேலை முடிந்தது. இரண்டு நாளில் பூனையும் பழகிவிடும். சிறுநீர் புதிதாக இருக்க வேண்டும். டப்பாவில் எத்தனை விநாடி என்று போட்டிருக்கிறதோ அத்தனை விநாடியில் நிறத்தைப் பார்க்க வேண்டும், பிறகு பார்க்கும் நிறத்துக்குப் பொருள் இல்லை. நம் கடற்கரை ஈரத்தில் திறந்து வைத்த டப்பா சீக்கிரம் கெடும். எடுத்தவுடன் மூடுங்கள், குளிர்ப்பெட்டியில் வைக்காதீர்கள்.

பட்டைக்கு ஒரு குறை உண்டு. கீட்டோன்களில் அதிகமாகச் சேரும் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட்டை அது காட்டாது. அதனால் பட்டை வெளிர் நிறம் காட்டினாலும் பூனை சோர்ந்திருந்தால் நம்பாதீர்கள். சிகிச்சையில் தேறிவரும்போது அந்தக் கீட்டோன் பட்டைக்குத் தெரிகிற வகையாக மாறும். பூனை எழுந்து நடக்கும், பட்டையோ முன்னைவிடக் கருஞ்சிவப்பாகும். அதைக் கண்டு பதற வேண்டாம். இரத்தக் கீட்டோன் கருவி இருந்தால் இந்தக் குழப்பம் இல்லை: லிட்டருக்கு 1 மில்லிமோலைத் தாண்டினால் மருத்துவரிடம் பேச வேண்டும், 2.4-ஐத் தாண்டினால் அவசரம்.

இனி ஊசி. சர்க்கரை மீட்டரில் 150-க்குக் (mg/dL) கீழே இருக்கிறது, சாப்பிடவும் இல்லை என்றால் போடாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். 300-க்கு மேல் இருந்தால் முழுவதுமாக நிறுத்துவதுதான் ஆபத்து. அளவைப் பாதியாக்கிப் போடச் சொல்வது வழக்கம், ஆனால் எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர் முன்கூட்டியே ஒரு சீட்டில் எழுதித் தந்திருக்க வேண்டும். கேட்டு வாங்கி வையுங்கள். கீட்டோனோடு வாந்தி, வேகமான ஆழ்ந்த மூச்சு, நகப்பூச்சு அழிப்பான் போன்ற வாய்நாற்றம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. வீட்டில் இன்சுலினைக் கூட்டிப் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. இன்சுலின் உள்ளே போனதும் இரத்தத்தில் உள்ள பொட்டாசியமும் பாஸ்பரசும் சரிந்துவிடும். பொட்டாசியம் சரிந்தால் தலை தொங்கும், இதயம் தடுமாறும். பாஸ்பரஸ் சரிந்தால் சிவப்பணுக்கள் உடையும். நரம்பு வழி நீரும் இரத்தப் பரிசோதனையும் இல்லாமல் இதைச் சமாளிக்க வழியில்லை. புதுச்சேரி குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிலையம் கடலூர்க்காரர்களுக்கும் எட்டும் தொலைவுதான். எங்கே போவதானாலும் பொட்டாசியம் பார்க்க முடியுமா, இரவில் ஆள் உண்டா என்று பூனை நன்றாக இருக்கும்போதே விசாரித்து வையுங்கள். இடையில் இளநீர் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அதிலும் உப்புச் சர்க்கரைக் கரைசலிலும் சர்க்கரை இருக்கிறது.

வீடு திரும்பிய பூனைக்குச் சோறே மருந்து என்று நினைத்துப் பால்சோறு பிசைகிற கைகளைத் தடுப்பதுதான் பெரிய பாடு. 4 கிலோ பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி போதும்: எலும்பு நீக்கி உப்பில்லாமல் அவித்த கோழி 120 முதல் 130 கிராம், நான்கைந்து வேளையாக. அவித்த நீரைக் கொட்டாதீர்கள், பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்து அதில் கரைந்திருக்கும். இது தேறும் நாட்களுக்கான தீனி. நெடுநாளைக்கு என்றால் டாரின், சுண்ணாம்புச் சத்து எல்லாம் சேர்த்து மருத்துவர்தான் திட்டமிட வேண்டும். மத்தி, நெத்திலியைப் பச்சையாகப் போட்டால் தயமின் (வைட்டமின் பி1) சத்து அழியும், அவித்தே கொடுங்கள். குழம்பு மீன் கூடாது, வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு. கருவாட்டில் உப்பு. கடைத் தீனியில் உலர்ந்த உருண்டைகளைவிட ஈரப் பொட்டலத்தில் பொதுவாக மாவுச்சத்து குறைவு.

பால்சோற்றை நிறுத்திக் கோழிக்கு மாற்றுகிற அன்று மருத்துவரிடம் சொல்லாமல் பழைய அளவு இன்சுலினையே போட்டால் சர்க்கரை கிடுகிடுவென இறங்கும். 60-க்குக் கீழே போனாலோ தள்ளாடினாலோ தேனையோ குழைத்த குளுக்கோஸையோ ஈறில் தடவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வலிப்பில் இருக்கும் பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நேர்மாறானதும் நடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை ஏறியதும் பல வீடுகளில் பூனை பால்சோற்றுக்குத் திரும்புகிறது, சர்க்கரையும் கூடவே ஏறுகிறது. அந்த 61 நாளைக்குக் கோழி என்று முன்பே பழக்கிவிடுங்கள்.

சிரிஞ்சு விஷயத்தில் நம் நாட்டில் ஆபத்து ஒன்று உண்டு. இங்கே மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இருவகை இன்சுலின் குப்பிகளும் விற்கின்றன. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி. கிளார்ஜின் என்ற இன்சுலின் பொதுவாக 100 யூனிட் வகை. அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு எடுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். பல பூனைகளுக்கு ஆரம்ப அளவே 12 மணிக்கு ஒருமுறை ஒரு யூனிட்தான். மருந்துக்கடை நண்பர்கள் குப்பியைப் பார்த்துவிட்டுச் சிரிஞ்சு எடுத்துக் கொடுத்தால் புண்ணியம். ஊசி போட்டபின் முடி நனைந்திருந்தால் மருந்து வெளியே போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். மறுபடி போடாதீர்கள், அடுத்த வேளைவரை சர்க்கரையைப் பாருங்கள்.

வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் சர்க்கரை மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கிற பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும்; அதனால் மீட்டரில் எண் நன்றாக இருக்கும்போதே உள்ளே கீட்டோன் ஏறிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் 2022-இல் பூனைகளுக்கென அனுமதி பெற்ற பெக்சாகிளிஃப்ளோசினுக்கும் இந்த எச்சரிக்கை உண்டு; ஏற்கெனவே இன்சுலின் போட்டுவரும் பூனைக்கு அது ஆகாது. அரிப்புக்குப் போடும் நீண்டநாள் ஸ்டீராய்டு ஊசி சர்க்கரையை வரவழைக்கும், அடங்கியதையும் கிளப்பிவிடும். பூனைக்குச் சர்க்கரை என்பதைத் தோல் நோய்க்குப் போகும்போதும் சொல்லுங்கள்.

நோய் தெரிந்த முதல் சில மாதங்களில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கணிசமான பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாமல் போகிறது. கீட்டோன் வந்து பிழைத்த பூனைகளும் அப்படித் தேறியதுண்டு.

இரு ஊர் அரசுக் கால்நடை மருந்தகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு டப்பா கீட்டோன் பட்டை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். மனிதர்களுக்கு விற்கும் அதே பட்டைதான். பூனை "சும்மா டல்லாக இருக்கிறது" என்று கொண்டுவரப்படும்போது ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
பூனை வளர்ப்போர் சிலர்,
கடலூர் முதுநகர்.