ஷெர்ரி எல்லாம் இனிப்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், ஒயின் வகைகளைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்தும் கட்டுரையில், ஸ்பெயின் நாட்டு ஷெர்ரியை உணவுக்குப் பின் அருந்தும் இனிப்பு ஒயின் என்று ஒரே வரியில் சொல்லி முடித்திருந்தார்கள். கப்பல் பணியில் இருந்த காலத்தில் காடிஸ் துறைமுகத்தில் இறங்கும்போதெல்லாம் ரயிலேறி ஹெரெஸ் நகரத்து ஒயின் கிடங்குகளைப் பார்த்து வந்தவன் என்ற முறையில், அந்த வரி ஷெர்ரியின் பல வகைகளில் சிலவற்றுக்குத்தான் பொருந்தும் என்பதையும், அதன் தலையாய வகைகள் துளியும் இனிப்பற்றவை என்பதையும் தெரிவிக்க விரும்புகிறேன்.

ஸ்பெயினின் தென்கோடியில், அந்தலூசியாவின் காடிஸ் மாகாணத்தில், ஹெரெஸ், சான்லூகார், எல் புவெர்த்தோ தே சாந்தா மரியா ஆகிய மூன்று ஊர்களையும் இணைத்தால் கிடைக்கும் முக்கோணமே ஷெர்ரியின் தாயகம். அரபியர் ஆட்சியில் ஷெரிஷ் என்று வழங்கிய ஊர்ப்பெயர்தான் ஆங்கிலேயர் வாயில் ஷெர்ரி ஆயிற்று. அங்குள்ள நிலம் அல்பரீசா எனப்படும் சுண்ணாம்பு மண். கோடை வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் அந்த வெள்ளை நிலம், குளிர்கால மழையை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, மழையே இல்லாத மாதங்களில் கொடியின் வேர்களுக்குக் கொடுக்கிறது. அதில் விளையும் பாலோமினோ என்ற வெள்ளைத் திராட்சைக்குச் சொல்லிக்கொள்ளும்படியான மணமோ புளிப்போ கிடையாது. ஆகவே, ஒரே திராட்சையிலிருந்து இத்தனை வகைகள் எப்படி வந்தன என்ற கேள்விக்கு விடையைத் தோட்டத்தில் தேடிப் பயனில்லை. கிடங்குக்குள்தான் தேட வேண்டும்.

அங்கே 600 லிட்டர் பிடிக்கும் ஓக் மரப் பீப்பாயில் 500 லிட்டர் மட்டும் ஊற்றி, மேலே காற்றுக்கு இடம் விடுகிறார்கள். பார்வையாளர்களுக்காக ஒரு பீப்பாயின் முகப்புப் பலகையை எடுத்துவிட்டுக் கண்ணாடி பதித்திருந்தார்கள். உள்ளே ஒயினின் மேல், ஆறிய பாலில் ஆடை படிந்ததுபோல், சுருக்கங்களோடு ஒரு வெண்படலம் மிதந்தது. ஸ்பானிய மொழியில் ஃப்ளோர், அதாவது பூ, என்று அதற்குப் பெயர். அது உயிருள்ள ஈஸ்ட்டுப் படலம். காற்று ஒயினைத் தொடாமல் மூடிக் காப்பதோடு, ஒயினுக்குக் கொழகொழப்பைத் தரும் கிளிசரினையும் உண்டுவிடுவதால், அதன் அடியில் வளரும் ஒயின் வெளிறிய வைக்கோல் நிறத்தில், துளியும் இனிப்பில்லாமல், பாதாம் பருப்பும் புளித்த மாவும் கலந்த மணத்தோடு இருக்கிறது. இதுதான் ஃபினோ.

படலம் உயிர்வாழ ஆல்கஹால் அளவு 15 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். திராட்சை வடிசாராயம் சேர்த்து அதை 17 சதவீதத்துக்கு உயர்த்திவிட்டால் ஈஸ்ட்டு பிழைக்காது. ஒயின் காற்றோடு நேரடியாக உறவாடி, ஆண்டுக்கணக்கில் கறுத்து, அக்ரூட் மணம் கமழும் ஒலொரோசோவாக மாறும். அந்த 2 சதவீதத்தில்தான் ஷெர்ரி இரண்டு குலமாகப் பிரிகிறது. கட்டுரையில் விடுபட்ட செய்திகளுள் முதன்மையானது இது என்பேன்.

மற்றவை இவ்விரண்டின் கிளைகள். குவாதல்கிவீர் ஆறு கடலில் கலக்கும் சான்லூகாரின் ஈரக்காற்றில் படலம் ஆண்டு முழுவதும் தடித்து வளர்வதால், அவ்வூரில் முதிரும் ஃபினோவுக்கு மன்சானியா என்று தனிப்பெயர். நாவில் இலேசாக உப்புக் கரிப்பதுபோல் தோன்றும். சீமைச்சாமந்திப் பூவுக்கும் அவர்கள் மொழியில் அதே பெயர்தான். ஃபினோவாகத் தொடங்கி, இடையில் படலத்தை இழந்து, பிறகு காற்றில் முதிர்வது அமோன்தியாதோ; முகர்ந்தால் இரண்டு வாழ்க்கையும் தெரியும். ஃபினோவாக வேண்டும் என்று ஒதுக்கிய பீப்பாயில் சாக்கட்டியால் ஒரு கோடு கிழிப்பார்கள். அது போக்கு மாறினால் அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டிவிடுவார்கள். வெட்டிய கோடு என்ற பொருளில் பாலோ கொர்த்தாதோ என்று வழங்கும் அந்த அபூர்வ வகையில், மணம் அமோன்தியாதோவை ஒத்தும், வாயில் கனம் ஒலொரோசோவை ஒத்தும் இருக்கும். அதைத் தேர்ந்த கைகளுக்கே விட்டுவிடலாம். புதியவர் அதில் தொடங்கினால் குழப்பமே மிஞ்சும்.

இந்த ஒயின்களின் புட்டிகளில் பெரும்பாலும் அறுவடை ஆண்டு இருக்காது. பீப்பாய்களை வயது வாரியாகப் பல அடுக்குகளாக வைத்து, மிக மூத்த அடுக்கான சொலேராவிலிருந்து ஒரு பங்கை எடுத்துப் புட்டியில் அடைத்து, அந்தக் குறையை அடுத்த அடுக்கால் நிரப்பி, அதன் குறையை அதற்கும் இளைய அடுக்கால் நிரப்பிக்கொண்டே போவது அவ்வூர் முறை. எந்தப் பீப்பாயும் முழுவதுமாகக் காலியாவதில்லை என்பதால், இன்று ஊற்றும் கோப்பையில் பல தலைமுறை முந்தைய ஒயினும் அணுவளவேனும் இருக்கும்.

இனிப்பு ஷெர்ரி இல்லாமல் இல்லை. பேத்ரோ ஹிமேனெஸ் என்ற திராட்சையைப் பறித்து வெயிலில் பரப்பி உலர்த்திப் பிழிந்து செய்வது, தார்போல் கறுத்து, அத்திப்பழமும் உலர்திராட்சையும் மணக்க, கோப்பையின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும்; லிட்டருக்குக் குறைந்தது 212 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும் என்பது விதி, 400 கிராமைத் தாண்டுவதும் உண்டு. இதை ஒலொரோசோவுடன் கலந்து செய்யும் கிரீம் வகை பிரிட்டனுக்குப் பெருமளவில் ஏற்றுமதியாகிப் புகழ்பெற்றது. ஷெர்ரி என்றாலே இனிப்பு என்ற எண்ணம் வேரூன்றியதும் அதனால்தான். போதாக்குறைக்கு, பிற நாடுகளில் செய்த இனிப்பு ஒயின்களும் அந்தப் பெயரிலேயே நெடுங்காலம் விற்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஷெர்ரி என்ற பெயர் அந்த ஸ்பானிய முக்கோணத்துக்கே உரியது என்பது 1996 முதல்தான் நடைமுறைக்கு வந்தது.

கட்டுரையின் நோக்கம் புதியவர்களுக்கு வழிகாட்டுவது என்பதால் இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபினோவையும் மன்சானியாவையும் நன்கு குளிரவைத்து, உப்பிட்ட பாதாம், ஆலிவ், வறுத்த மீன் ஆகியவற்றோடு உணவுக்கு முன் அருந்துவதே அங்கு வழக்கம். திறந்த புட்டியை ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்தால் மணம் செத்துவிடும். ஒலொரோசோ அப்படியல்ல, ஏற்கெனவே காற்றில் முதிர்ந்தது என்பதால் ஓரிரு மாதம் தாங்கும். திறந்து பல மாதம் அலமாரியில் கிடந்த ஃபினோவை ருசித்துவிட்டு ஷெர்ரியே பிடிக்கவில்லை என்று சொன்னவர்களை நான் கப்பலிலேயே பார்த்திருக்கிறேன்.

தொடரின் அடுத்த பகுதியில், குறைந்தபட்சம் ஃபினோ, ஒலொரோசோ, பேத்ரோ ஹிமேனெஸ் ஆகிய மூன்றையுமாவது தனித்தனியே குறிப்பிட்டுத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பணியாளர் ஒருவர்