செப்டம்பர் கடைசியில் வா

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. விருப்ப ஓய்வு வாங்கிவிட்டாய், சின்னவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. இரண்டு நல்ல செய்தியும் ஒரே கடிதத்தில் வந்ததில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஊர் திரும்பிய என் அப்பா உன்னிடம் ‘ஏரி வரைக்கும் நானே நடந்தேன்’ என்று சொன்னாராமே, அது முழு உண்மை. அந்தக் கதையைச் சொல்லவும், ஜூன் மாதம் இங்கே அமெரிக்கா வருகிறோம் என்ற உன் திட்டத்தை மாற்றச் சொல்லவும்தான் எழுதுகிறேன்.

சியாட்டிலிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய மலைச்சாலை அது. நார்த் கேஸ்கேட்ஸ் ஹைவே என்பார்கள், வாஷிங்டன் மாநில நெடுஞ்சாலை எண் 20. 1972ல்தான் முழுதாகத் திறந்தார்கள். இன்றைக்கும் குளிர்காலத்தில் அதன் மேல்பகுதியை மூடிவிடுகிறார்கள். சரிவுகளிலிருந்து பனி மொத்தமாகப் பெயர்ந்து சாலைமேல் விழும் இடங்கள் நிறைய. அதனால் நவம்பர், டிசம்பர் வாக்கில் கேட்டைப் போட்டால் திறக்க ஏப்ரல், மே ஆகிவிடும். இவ்வளவு பணக்கார நாட்டில் ஒரு சாலையை வருஷா வருஷம் மூடுவதா என்று கேட்பவர்கள் உண்டு. மூடுவதே சரி என்பது என் கட்சி. வருஷத்தில் சில மாதமாவது அந்த மலை தன் போக்கில் இருக்கட்டுமே.

சாலை திறந்துவிட்டால் ட்ரெயிலும், அதாவது மலையில் நடக்கும் பாதையும், திறந்துவிடும் என்று நினைக்காதே. ஜூனில் கார் போகும், ஆனால் உயரத்தில் பாதைகள் பனிக்கடியில் கிடக்கும். ஜூலை, ஆகஸ்டில் பனி உருகிப் பூக்கள் வரும், கூடவே காட்டுத்தீ பயமும் வரும். 2021லும் 2023லும் தீயால் இந்தச் சாலையையே மூட வேண்டியதாயிற்று. அதனால் செப்டம்பர் கடைசி வாரத்திலோ அக்டோபர் முதல் வாரத்திலோ வா. அப்போதுதான் லார்ச் மரம் பொன்னாகும். ஊசியிலை மரம்தான், ஆனால் குளிர் வருமுன் இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். கையில் எடுத்துப் பார், ஊசி குத்தாது, பூனைமுடி மாதிரி மெத்தென்று இருக்கும். பாறையும் பழைய பனியும் மட்டுமே உள்ள உயரத்தில் அந்த மஞ்சளைப் பார்த்தால் பேச்சு வராது.

பெரும்பாலானவர்கள் வழியில் வரும் டயாப்லோ ஏரியை மேலிருந்து பார்த்து, படம் எடுத்து, அப்படியே காரில் ஏறிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது ஆதங்கம். 1930ல் கட்டி முடித்த அணையின் நீர்த்தேக்கம் அது. மேலே பனியாறுகள் பாறையை மாவாக அரைத்து அனுப்புகின்றன. அந்த மாவு தண்ணீரில் மிதப்பதால்தான் அந்தப் பச்சை நீலம். பார்க்க வேண்டியதுதான், ஆனால் அதோடு திரும்பினால் மலைக்குப் போய் வாசலில் நின்றுவிட்டு வந்ததற்குச் சமம்.

இன்னும் கிழக்கே ஏறினால் ரெய்னி பாஸ் என்ற கணவாய் வரும். அங்கே வண்டியை நிறுத்திவிட்டு நட. ரெய்னி ஏரிக்குப் போகும் பாதை தார் போட்ட சமதளம், போக ஒரு மைல், வர ஒரு மைல். சக்கர நாற்காலிகூடப் போகும். முழங்கால் அறுவைக்குப் பிறகு அப்பா மாடிப்படியே தயங்கித் தயங்கித்தான் ஏறுவார். அன்றைக்குக் கைத்தடியோடு மரத்துக்கு மரம் நின்று, கடைசிவரை நடந்துவிட்டார். ஏரிக்கு எதிர்க்கரையில் பாறைச்சுவரிலிருந்து அருவி விழுகிறது. பெஞ்சில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘உங்கம்மா பார்த்திருக்கணும்’ என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

உனக்கும் எனக்கும் மேப்பிள் பாஸ் என்ற கணவாய்க்கு ஏறி இறங்கும் சுற்றுப்பாதை. அதுவும் அங்கேயே ஆரம்பிக்கிறது. பதினோரு, பன்னிரண்டு கிலோமீட்டர் வரும், ஏற்றம் அறுநூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். வெள்ளியங்கிரி ஏறியவனுக்கு இது பெரிதில்லை. ஆன் ஏரிப் பக்கமாக ஏறு, ஏற்றம் நிதானமாக இருக்கும். மறுபக்க இறக்கம் செங்குத்து, முட்டியைப் பதம் பார்க்கும், ஊன்றுகோல் அவசியம். வழியில் கற்குவியல்களுக்குள்ளிருந்து ‘ஈக்’ என்று ஒரு சத்தம் வரும். பைக்கா. முயலுக்கு உறவு, ஆனால் ஒரு கைக்குள் அடங்கும். குளிர்காலத்தில் தூங்காது. அதனால் புல்லை வாய் நிறையக் கவ்விக் கொண்டுவந்து பாறையிடுக்கில் சேர்த்து வைக்கும். அசையாமல் நின்றால் உன் கால்பக்கமாகவே ஓடும்.

ரெய்னி பாஸ் கணவாயைத்தான் மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லைவரை போகும் பசிஃபிக் க்ரெஸ்ட் ட்ரெயிலும் கடக்கிறது. மொத்தம் 4,200 கிலோமீட்டருக்கு மேல். ரெய்னி பாஸுக்கு வந்தவர்களுக்கு மிச்சம் சுமார் நூறு கிலோமீட்டர்தான். கன்னம் ஒட்டிப்போன ஒரு பெண், ஏப்ரலில் தெற்கு முனையிலிருந்து கிளம்பினாளாம், எங்கள் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நாங்கள் கொண்டுபோயிருந்த புளியோதரையை என் மனைவி ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தாள். காரத்தில் கண்ணில் தண்ணீர் வர வர, கடலைப்பருப்பு ஒன்றுகூட விடாமல் சாப்பிட்டாள். இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். டப்பாவோடு கொடுத்துவிட்டோம்.

அடுத்த நாள் ப்ளூ லேக் போகலாம். அது சின்ன ஏற்றம், உன் மனைவியும் வரலாம்.

சில விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். மார்பிள்மவுண்ட் என்ற ஊரைத் தாண்டினால் மஸாமா என்ற ஊர் வரை, நூறு கிலோமீட்டருக்கு மேல், பெட்ரோல் பங்க் கிடையாது. போன் சிக்னலும் பெரும்பாலும் இருக்காது. லார்ச் நேரத்தில் சனி, ஞாயிறு வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது, அதனால் வாரநாளில்தான் போவோம். பார்க்கிங் பாஸ், பெட்ரோல், சாப்பாடு எல்லாம் என் பொறுப்பு.

உன் பொறுப்பு ஒன்றே ஒன்று. ஷூவை இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதே, புது ஷூ காலைக் கடித்துவிடும். இப்போதே வாங்கி, மருதமலைப் படியில் நாலைந்து வாரம் ஏறி இறங்கு. அப்படியே அப்பாவையும் அடிவாரம்வரை கூட்டிப்போய்வா, உன்னோடு என்றால் கிளம்பிவிடுவார். டிக்கெட் போடுமுன் தேதியை எழுது, நான் லீவு சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்